திரையிலிருந்து தொடங்குங்கள்

சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யப் போனால், கடைக்காரர் கேட்பது பெரும்பாலும் இந்த வரிசையில்தான் இருக்கும்: "பட்ஜெட் எவ்வளவு சார்? எந்த பிராசசர்? கார்டு போடணுமா?" வாங்க வந்தவரும் அதே வரிசையில் யோசித்துக்கொண்டுதான் வந்திருப்பார். பணத்தில் பெரும்பகுதி பிராசசருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் போய்விடும். மிச்சக் காசில் மானிட்டர், கூலர், கேபினெட், மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ். எல்லாவற்றையும் முடித்தாக வேண்டும். ஒரு மெஷின் நாள் முழுக்கக் கண்ணுக்கு இதமாக இருக்குமா, கோடையைத் தாங்குமா, நாலைந்து வருடம் உழைக்குமா என்பதை முடிவு செய்வதோ இந்த மிச்சக் காசுப் பாகங்கள்தான்.

பத்துக் கடைகளில் பத்துப் பாகங்கள் வாங்கிப் பொருத்தினாலும் அவை ஒன்றோடொன்று சேர்ந்துகொள்வதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. ஐ.பி.எம். 1981 ஆகஸ்டில் தன் பெர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டபோது, பிராசசரை இன்டெலிடமும் இயக்க மென்பொருளை மைக்ரோசாஃப்டிடமும் வாங்கியிருந்தது. உள்ளமைப்பை விளக்கும் கையேட்டையும் விற்றது. காம்பாக் 1983இல் அதற்கு இணக்கமான மெஷினை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பிறகு பல நிறுவனங்கள் அதே வழியில் இறங்கின. 1995இல் இன்டெல் ஏ.டி.எக்ஸ். என்ற அளவை வகுத்தது. முழு அளவு மதர்போர்டு 305 மி.மீ. நீளம், 244 மி.மீ. அகலம்; திருகுத் துளைகள் எங்கே வரவேண்டும் என்பதும் அதில் உண்டு. முப்பது வருடம் கழித்தும் அந்த அளவுதான் நடைமுறையில் இருக்கிறது.

கணக்கை மானிட்டரில் தொடங்குவது நல்லது. எத்தனை புள்ளிகளை வரைய வேண்டும், நொடிக்கு எத்தனை முறை வரைய வேண்டும் என்பதைத் திரைதான் சொல்கிறது. கிராபிக்ஸ் கார்டு எவ்வளவு பெரியது வேண்டும் என்பது அதிலிருந்து வருகிறது. ஃபுல் எச்.டி. என்னும் 1080பி திரையில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். 1440பி திரையில் 36.9 லட்சம். 4கே என்றால் சுமார் 83 லட்சம், அதாவது ஃபுல் எச்.டி.யைப் போல் சரியாக நாலு மடங்கு. ஃபுல் எச்.டி.யில் சிட்டாகப் பறக்கும் ஒரு கேம், அதே கார்டில் 4கே திரைக்குப் போனதும் தத்தளிப்பது இதனால்தான்.

திரையின் அங்குலமும் புள்ளிகளின் எண்ணிக்கையும் பொருந்த வேண்டும். 24 அங்குல ஃபுல் எச்.டி. திரையில் ஓர் அங்குலத்துக்குச் சுமார் 92 புள்ளிகள் அமைகின்றன. அதே புள்ளிகளை 27 அங்குலத்துக்கு இழுத்தால் 82 ஆகக் குறைந்து எழுத்துகள் பிசிறடிக்கும். தமிழில் டி.டி.பி. வேலை செய்கிறவர்களுக்கு இது உடனே தெரியும். ண, ழ போன்ற சுழி எழுத்துகளின் வளைவும் மெய்யெழுத்தின் புள்ளியும்தான் முதலில் மங்கும். 27 அங்குலம் வேண்டும் என்றால் 1440பி வாங்குவதே முறை. அங்குலத்துக்கு 109 புள்ளிகள் கிடைக்கும்.

அடுத்தது ஹெர்ட்ஸ். 60 ஹெர்ட்ஸ் திரை 16.7 மில்லி விநாடிக்கு ஒரு முறை படத்தைப் புதுப்பிக்கிறது. 144 ஹெர்ட்ஸ் திரைக்கு 6.9 மில்லி விநாடி போதும். கேம் ஆடுகிறவருக்கு இந்த வித்தியாசம் கையிலேயே தெரியும். டேலியில் கணக்கு எழுதுகிறவர் அதற்காகக் கூடுதல் பணம் தர வேண்டியதில்லை. 144 ஹெர்ட்ஸ் மானிட்டரை வாங்கிவிட்டு, விண்டோஸ் டிஸ்ப்ளே அமைப்பில் 60இலேயே விட்டுவிடுகிறவர்களும், மானிட்டர் கேபிளைக் கிராபிக்ஸ் கார்டில் செருகாமல் மதர்போர்டில் செருகிவிட்டு "கார்டு வேலை செய்யவில்லை" என்று தேடுகிறவர்களும் உண்டு. இரண்டையும் வாங்கிய அன்றே சரிபார்த்துவிடலாம்.

திரையின் வகைகளில், நிறம் சரியாகத் தெரிய வேண்டிய போட்டோ, வீடியோ வேலைக்கு ஐ.பி.எஸ். ஏற்றது. இருட்டறையில் படம் பார்க்க, கறுப்பை ஆழமாகக் காட்டும் வி.ஏ. நன்றாக இருக்கும். ஓலெட் அழகில் இரண்டையும் மிஞ்சும். ஆனால் டாஸ்க்பார் போல நாள் முழுக்க ஒரே இடத்தில் நிற்கும் படம் அதில் நிரந்தரத் தடமாகப் பதியும் அபாயம் இருக்கிறது.

திரை முடிவானால் பிராசசரும் கார்டும் எளிதில் முடிவாகும். கணக்கு, டைப்பிங், இணைய வகுப்பு இவற்றுக்குப் பிராசசருக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் போதும், தனிக் கார்டு தேவையில்லை. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: இன்டெல் பிராசசரின் பெயர் எஃப் என்ற எழுத்தில் முடிந்தால் அதற்குள் கிராபிக்ஸ் கிடையாது. கொஞ்சம் பணம் மிச்சம் என்று அதை வாங்கினால், கார்டு இல்லாமல் திரையில் எதுவும் வராது. ரேமை ஒரே 16 ஜி.பி.யாக வாங்காமல் இரண்டு 8 ஜி.பி.யாகப் போட்டால், இரு தடங்களில் தரவு ஓடி வேகம் கூடும். ரேமுக்கு இப்போது பட்ஜெட்டில் சற்றுத் தாராளமாகவே ஒதுக்க வேண்டியிருக்கிறது, ஏ.ஐ. தரவு மையங்கள் மெமரி சிப்புகளை அள்ளிக்கொண்டு போனதில் 2025 இறுதியில் விலை கிடுகிடுவென ஏறிவிட்டது.

இனி வெப்பம். 65 வாட் என்று குறிக்கப்பட்ட ஏ.எம்.டி. ரைசன் 5 7600 தன் பெட்டியிலேயே ஒரு சிறிய கூலரோடு வருகிறது. இன்டெல் கோர் ஐ9 14900கே முழு வேகத்தில் 253 வாட் வரை இழுக்கும். இரண்டுக்கும் ஒரே கூலர் சரிப்படாது என்பது வெளிப்படை.

காற்றுக் கூலரில் முக்கியமானவை செம்புக் குழாய்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் கொஞ்சம் திரவம் அடைக்கப்பட்டிருக்கும். பிராசசரைத் தொடும் முனையில் அது சூடாகி ஆவியாகும். அலுமினியத் தகடுகள் இருக்கும் மறுமுனைக்குப் போய்க் குளிர்ந்து திரவமாகும். குழாயின் உட்சுவர் வழியே மறுபடி கீழே வந்து சேரும். தகடுகளில் இறங்கிய வெப்பத்தை ஃபேன் ஊதி வெளியேற்றும். லிக்விட் கூலரில் ஒரு சின்ன பம்ப் திரவத்தைச் சுழற்றி, ரேடியேட்டரில் கொண்டுபோய் விடும். அங்கேயும் காற்றடிப்பது ஃபேன்தான். ஆக, இரண்டுமே வெப்பத்தைக் கடைசியில் அறைக் காற்றில்தான் கொட்டுகின்றன. அறை 36 டிகிரியில் இருந்தால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கூலரும் பிராசசரை 36க்குக் கீழே இறக்காது. அறையின் சூடு பத்து டிகிரி ஏறினால், உள்ளேயும் ஏறக்குறைய அதே அளவு ஏறும். டிசம்பரில் சத்தமில்லாமல் ஓடிய மெஷின் அக்கினி நட்சத்திரத்தில் இரைவது இதனால்தான். ரைசன் 7000 வரிசையின் பல பிராசசர்கள் 95 டிகிரியைத் தொட்டதும் கருகாமல் இருக்கத் தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

வீட்டு உபயோக மெஷின்களில் பெரும்பாலானவற்றுக்கு நடுத்தர விலையில் வரும் டவர் வகைக் காற்றுக் கூலரே தாராளம். அதில் பழுதாகக்கூடியது ஃபேன் ஒன்றுதான், அதையும் சுலபமாக மாற்றிக்கொள்ளலாம். லிக்விட் கூலரில் பம்ப் நின்றால் பெரும்பாலும் முழுதையும் மாற்ற வேண்டும். மணிக்கணக்கில் வீடியோ ரெண்டர் செய்யும் 200 வாட்டுக்கு மேற்பட்ட பிராசசருக்கு, மூன்று ஃபேன் கொண்ட 360 மி.மீ. ரேடியேட்டர் தன் விலையை நியாயப்படுத்தும். காற்றுக் கூலர் வாங்குமுன் கேபினெட்டின் உள் அகலத்தை அளந்துகொள்ள வேண்டும். ஆஸ்திரிய நிறுவனமான நாக்டுவாவின் பெயர்பெற்ற என்.எச். டி15 கூலர் 165 மி.மீ. உயரம், குறுகிய கேபினெட்டில் அதை வைத்தால் பக்கக் கதவு மூடாது.

கேபினெட்டில் பலரும் பார்ப்பது கண்ணாடியும் வண்ண விளக்கும்தான். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி என்றால் காற்று எங்கிருந்து வரும்? சல்லடை போன்ற முன்பக்கம், அங்கே உள்ளே இழுக்கும் இரண்டு ஃபேன், பின்னால் வெளியே தள்ளும் ஒரு ஃபேன், முன்னால் கழற்றிக் கழுவக்கூடிய தூசு வடிகட்டி: நம் ஊர் வெயிலுக்கும் புழுதிக்கும் இந்த அமைப்பு ஆயிரக்கணக்கில் செலவழிக்கும் விளக்குகளைவிட அதிகம் உதவும்.

செலவைக் குறைக்க எல்லோரும் முதலில் கைவைக்கும் இடம் எஸ்.எம்.பி.எஸ்.தான். பிராசசர் 65 வாட், ஆர்.டி.எக்ஸ். 4060 போன்ற கார்டு 115 வாட் என்றால், மற்ற பாகங்களையும் சேர்த்து 300 வாட்டைத் தாண்டாது. தரமான 550 வாட் எஸ்.எம்.பி.எஸ். தாராளமாகப் போதும். ஆர்.டி.எக்ஸ். 5090 ஒன்றே 575 வாட் இழுக்கும், அதற்குக் கணக்கே வேறு. 80 பிளஸ் பிரான்ஸ், கோல்டு என்ற முத்திரைகள் மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் மாறுகிறது என்பதைத்தான் சொல்கின்றன. தரத்துக்கு அவை முழு உத்தரவாதம் ஆகா. கேபினெட்டோடு இலவசமாக வரும் பெயர் தெரியாத எஸ்.எம்.பி.எஸ். வெடித்தால், அது மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போகலாம்.

கேபினெட்டைத் தொட்டால் லேசாகச் சுர்ரென்று ஷாக் அடிப்பதாகப் பல வீடுகளில் சொல்வார்கள். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் வடிகட்டிக் கெப்பாசிட்டர்கள் கசியவிடும் மிகச் சிறிய மின்னோட்டம் எர்த் வழியே போக வேண்டும். பிளக் பாயின்டில் எர்த் இல்லாவிட்டால் அது கேபினெட்டின் உலோகத்தில் நிற்கும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரிசெய்தால் பெரும்பாலும் நின்றுவிடும். யு.பி.எஸ். விஷயத்திலும் வாட்டைப் பார்க்க வேண்டும். 600 வி.ஏ. என்று விற்கப்படுபவற்றில் பல 360 வாட்டைத்தான் தாங்கும். பெரிய கார்டு போட்ட மெஷின் கேம் நடுவே கரண்ட் போனதும் அதோடு சேர்ந்து அணைந்துவிடும்.

கடைசியாகப் பில். பிராண்டட் கம்ப்யூட்டருக்கு ஒரே வாரண்டி. அசெம்பிள் செய்த மெஷினில் ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனி வாரண்டி, அதுவும் வெவ்வேறு வருடக் கணக்கில். "மொத்தமாக ஒரு சிஸ்டம்" என்று ஒரே வரியில் போட்ட பில் சர்வீஸ் சென்டரில் செல்லுபடியாகாமல் போகலாம். பாகத்தின் பெயர், மாடல், சீரியல் எண் மூன்றும் குறித்த ஜி.எஸ்.டி. பில்லைக் கையில் வாங்கி, பெட்டியில் இருக்கும் எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பணத்தைக் கொடுங்கள்.