அம்மா ஆன பிறகும் ஆட்டம் நிற்கவில்லை!

— குரும்பலூர் வாசகி ஒருவர்

2021-ஆம் ஆண்டு குடியரசு தினத்தையொட்டி வந்த பத்ம விருதுப் பட்டியல் நினைவிருக்கிறதா? நம் தமிழ்நாட்டுக்கு அந்த வருடம் நல்ல அறுவடை. நூற்றைந்து வயது என்று சொல்லி, அப்போதும் வயலில் இறங்கி வேலை பார்த்த பாப்பம்மாள் பாட்டி, பட்டிமன்றத்து சாலமன் பாப்பையா, பாடகி பாம்பே ஜெயஸ்ரீ என்று நமக்குத் தெரிந்த பெயர்களாக இருந்தன. அவற்றின் நடுவே ‘அனிதா பால்துரை, விளையாட்டு’ என்று ஒரு வரி. யார் இந்தப் பெண்? எங்கள் தெருவில் பத்து பேரைக் கேட்டிருப்பேன். ஒருத்தருக்கும் தெரியவில்லை. கிரிக்கெட் வீரர்களின் குழந்தைகள் பெயர்கூட நமக்கு அத்துப்படி. பதினெட்டு வருடம் நாட்டுக்காக ஆடிய சென்னைப் பெண்ணின் பெயர் தெரியவில்லை!

அனிதா கூடைப்பந்து வீராங்கனை. நாம் ‘பாஸ்கெட் பால்’ என்கிறோமே, அதேதான்.

பதினொரு வயதில் கையில் எடுத்த பந்து

1985-ஆம் ஆண்டு ஜூன் மாதம் சென்னையில் பிறந்தவர் அனிதா. முதலில் ஓட்டப்பந்தயம், கைப்பந்து என்றுதான் ஆரம்பித்திருக்கிறார். கூடைப்பந்துக்கு வந்தது பதினொரு வயதில். சம்பத் என்ற பயிற்சியாளரின் ‘ரைசிங் ஸ்டார்’ குழுவில் பயிற்சி. பதினாறு வயதுக்குள் இந்திய அணியில் இடம். பத்தொன்பது வயதில் அணித் தலைவி! இந்தியப் பெண்கள் அணிக்கு இத்தனை சின்ன வயதில் தலைவியானவர் அவர்தான் என்கிறார்கள். பத்தொன்பது வயதில் நம் வீட்டுப் பெண்களைத் தனியாக பஸ் ஏற்றி அனுப்பவே நாம் யோசிக்கிறோம். அந்தப் பெண் தன்னைவிட மூத்தவர்களையும் சேர்த்து வழிநடத்தியிருக்கிறாள்.

ஆட்டத்தைப் பற்றி நாலு வார்த்தை சொல்லிவிடுகிறேன். டி.வி.யில் வந்தால் சேனலை மாற்றாமல் பார்க்கலாம், பாருங்கள். ஓர் அணிக்கு ஐந்து பேர். தரையிலிருந்து பத்து அடி உயரத்தில் வளையம். பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே போக வேண்டும், கையில் வைத்துக்கொண்டு ஓடக் கூடாது. பந்து கைக்கு வந்த 24 விநாடிக்குள் வளையத்தை நோக்கி எறிந்துவிட வேண்டும். பத்து பத்து நிமிடமாக நாலு சுற்று. பக்கத்திலிருந்து போட்டால் இரண்டு புள்ளி, தூரத்துக் கோட்டுக்கு வெளியிலிருந்து போட்டால் மூன்று.

1891-இல் அமெரிக்காவில் நெய்ஸ்மித் என்ற உடற்பயிற்சி ஆசிரியர், பனிக்காலத்தில் வெளியே போக முடியாத மாணவர்களுக்காகக் கண்டுபிடித்த விளையாட்டு இது. பீச் பழக்கூடை இரண்டை உயரத்தில் மாட்டி ஆரம்பித்தாராம். அதனால்தான் ‘கூடை’ப்பந்து. அடுத்த வருடமே ஒரு பெண்கள் கல்லூரியில் பெண்களும் ஆடத் தொடங்கிவிட்டார்கள். ஆனால் ஒலிம்பிக்கில் பெண்கள் கூடைப்பந்துக்கு இடம் கிடைத்தது 1976-இல்தான். எண்பது வருடத்துக்கு மேல் காத்திருந்தார்கள். எதற்கும் நமக்குக் கொஞ்சம் தாமதமாகத்தானே கதவு திறக்கிறது!

ஒன்பது ஆசியப் போட்டிகள்

ஆசியப் பெண்கள் கூடைப்பந்துப் போட்டி இரண்டு வருடத்துக்கு ஒரு முறை நடக்கும். 2001-இலிருந்து 2017 வரை ஒன்றுவிடாமல் ஒன்பது போட்டிகளில் ஆடியிருக்கிறார் அனிதா. தேசிய அளவிலான போட்டிகளில் மட்டும் முப்பது பதக்கங்கள். 2009-இல் வியட்நாமில் நடந்த ஆசிய உள்ளரங்கப் போட்டியில் வெள்ளி, 2011-இல் இலங்கையில் நடந்த தெற்காசியக் கடற்கரை விளையாட்டில் தங்கம், 2013-இல் கத்தார் நாட்டின் தோகாவில் மூன்று பேர் ஆடும் ஆசியப் போட்டியில் தங்கம். வேலை தெற்கு ரயில்வேயில். பணம் கொட்டும் விளையாட்டு இல்லை இது. வேலையையும் பார்த்துக்கொண்டு, பயிற்சியையும் விடாமல்தான் இத்தனையும்.

இதில் எனக்கு மனசில் நின்றது பதக்கக் கணக்கு இல்லை. கல்யாணம் ஆகி, ஒரு மகனைப் பெற்ற பிறகும் அனிதா மைதானத்துக்குத் திரும்பி வந்தார். “இனிமே என்ன ஆட்டம்? புள்ளைய பாத்துக்கிட்டு வீட்டுல இரு” என்று சொல்ல நம் நாட்டில் ஆளுக்கா பஞ்சம்? 2017 ஜூலையில் பெங்களூரில் ஆசியக் கோப்பையின் இரண்டாம் பிரிவுப் போட்டி நடந்தது. இறுதியில் கஜகஸ்தானோடு மோதல். இந்தியா 75, கஜகஸ்தான் 73. இரண்டே புள்ளியில் ஜெயித்து, ஆசியாவின் முதல் பிரிவுக்கு இந்தியப் பெண்கள் ஏறினார்கள். அந்த அணியின் மூத்தவர்களில் ஒருவர், ஒரு குழந்தைக்குத் தாயான அனிதா!

கோட்டயத்திலிருந்தும், கடல் நடுவிலிருந்தும்

அனிதாவோடு சேர்ந்து ஆடியவர் கீது அன்னா ஜோஸ். கேரளத்தில் கோட்டயத்துப் பக்கம். ஆறடி இரண்டு அங்குலம். இவருக்கும் தெற்கு ரயில்வேயில்தான் வேலை. 2006-இல் ஆஸ்திரேலியாவின் ரிங்வுட் குழுவுக்கு ஆடப் போனார். இந்தியப் பெண்களில் வெளிநாட்டுக் குழுவுக்குச் சம்பளத்துக்கு ஆடிய முதல் ஆள் அவர்தான். 2011-இல் அமெரிக்கத் தொழில்முறைக் குழுக்கள் மூன்று அவரைத் தேர்வுக்கு அழைத்தன. இடம் கிடைக்கவில்லை. இருந்தாலும் அந்த வாசல்வரை போன முதல் இந்தியப் பெண்ணாயிற்றே!

அந்த வாசலைத் தாண்டி உள்ளே போய், உச்சியையும் தொட்ட ஒரு பெண் ஜான்குவல் ஜோன்ஸ். பஹாமாஸ் என்ற குட்டித் தீவு நாட்டுக்காரர். எவ்வளவு குட்டி தெரியுமா? 2011 கணக்குப்படி நம் பெரம்பலூர் மாவட்டத்தின் ஜனத்தொகை ஐந்தரை லட்சத்துக்கு மேல். பஹாமாஸ் முழு நாட்டுக்குமே சுமார் நாலு லட்சம்தான்! அங்கே ஃப்ரீபோர்ட் என்ற ஊரில் 1994-இல் பிறந்தார் ஜான்குவல். பள்ளிக்கூடம் படிக்கிற வயதிலேயே, இந்த ஆட்டத்துக்காகப் பெற்றவர்களைப் பிரிந்து அமெரிக்கா போனார். 2021-இல் அமெரிக்கப் பெண்கள் லீகின் மிகச் சிறந்த வீராங்கனை என்ற விருது. 2024-இல் நியூயார்க் அணி கோப்பையை வென்றபோது இறுதிப் போட்டிகளின் சிறந்த வீராங்கனையும் அவரே. நடுவில் 2019-இல் ‘டோரியன்’ புயல் அவருடைய தீவைச் சின்னாபின்னமாக்கியது. ஊர் மக்களுக்காக அவர் நிதி திரட்டினார்.

ஊர் சின்னது, நாடு சின்னது என்பதெல்லாம் ஒரு காரணமா? சென்னையோ கோட்டயமோ கடல் நடுவே ஒரு தீவோ, மூன்று பெண்களின் கதையிலும் ஒரு விஷயம் பொது. பத்து பதினைந்து வயதில் “போ, ஆடிட்டு வா” என்று யாரோ ஒருவர் அவர்களை அனுப்பியிருக்கிறார்கள்.

எங்கள் வீட்டில் நடந்த விவாதம்

இத்தனையும் நான் தேடிப் படிக்கக் காரணம் என் மகள். ஒன்பதாம் வகுப்பு. பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்து அணியில் பெயர் கொடுக்கட்டுமா என்று ஒருநாள் கேட்டாள். சின்ன வெங்காயம் அறுவடை நேரம். வீடு நிறைய வெங்காயத் தாள் உதிர்ந்து கிடக்க, நானும் என் மாமியாரும் உட்கார்ந்து தரம் பிரித்துக்கொண்டிருந்தோம். கேள்வி காதில் விழுந்ததுமே மாமியாருக்கு முகம் மாறிவிட்டது.

“வயசுக்கு வந்த புள்ள, கால்சட்ட போட்டுக்கிட்டு குதிக்கவா போகுது? வெயில்ல கருத்துப் போனா நாளைக்கு யார் கட்டிக்குவா? குதிச்சா கர்ப்பப்பை எறங்கிடும்மா!”

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவருக்கு அவருடைய அம்மா சொன்னது. நானும் பள்ளியில் கோகோ ஆடியவள்தான். பெரியவளானதும் நிறுத்திவிட்டார்கள். பத்தாவதோடு படிப்பும் நின்றது. அந்தக் கோகோ மைதானம் இன்னும் கனவில் வரும். அதனாலேயே என் மகளுக்குச் சட்டென்று ‘வேண்டாம்’ என்று சொல்ல வாய் வரவில்லை. ‘சரி’ என்று சொல்லவும் தைரியம் வேண்டுமே! பெரம்பலூருக்கு ஒரு வேலையாகப் போனபோது, மகளிர் மருத்துவரிடமே கேட்டுவிட்டேன். அவர் சொன்னதையும், பிறகு நான் படித்ததையும் சேர்த்து இங்கே தருகிறேன்.

குதிப்பதால் இளம் பெண்ணின் கர்ப்பப்பை இறங்காது. அடி இறக்கம் பெரும்பாலும் பிரசவங்களாலும், வயது ஏறும்போது தசை தளர்வதாலும் வருவது. மாதவிலக்கு நாட்களிலும் உடம்பு ஒத்துழைத்தால் தாராளமாக ஆடலாம். சிலருக்கு வயிற்று வலிகூடக் குறையும்.

குதித்து ஆடுவதில் ஒரு பெரிய லாபமும் இருக்கிறது. பெண்களுக்கு எலும்பின் வலுவில் கிட்டத்தட்ட தொண்ணூறு சதவீதம் பதினெட்டு வயதுக்குள் சேர்ந்துவிடுகிறதாம். உடம்பின் எடை காலில் இறங்கும்படி ஓடியும் குதித்தும் ஆடும்போது எலும்பு கெட்டிப்படுகிறது. ஐம்பது வயதில் நாம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்கிறோமே, அதற்கான சேமிப்புக் கணக்கை பதினைந்து வயதிலேயே தொடங்க வேண்டும்.

இதையெல்லாம் மாமியாரிடம் பொறுமையாகச் சொன்னேன். “அத்தை, டாக்டரம்மாவே சொல்லிட்டாங்க” என்றதும் கொஞ்சம் யோசித்தார். “முழங்கால் மூடுற மாதிரி உடுப்பு போடச் சொல்லு. சாயங்காலம் இருட்டுறதுக்குள்ள வரணும்” என்றார். என் கணவர் காலணிக்குப் பணம் எடுத்துக் கொடுத்தார். எங்கள் வீட்டில் இது பெரிய தீர்மானம்!

ஆடப் போகும் பெண்ணுக்கு அம்மா கவனிக்க வேண்டியவை

• முதலில் இரத்தப் பரிசோதனை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. சோகையோடு ஆடினால் மூச்சு வாங்கும், தலை சுற்றும். முருங்கைக்கீரை, கம்பு, பொட்டுக்கடலை, பேரீச்சை கொடுங்கள். கூடவே எலுமிச்சை அல்லது நெல்லிக்காய் சேர்த்தால்தான் இரும்புச்சத்து உடம்பில் ஒட்டும். சாப்பாட்டோடு டீ, காபி வேண்டாம்.

• எலும்புக்குக் கேழ்வரகைவிட உசத்தி ஏது? நூறு கிராமில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து. கூழோ அடையோ புட்டோ, வாரத்தில் நாலு நாள் செய்யுங்கள்.

• நம் பக்கத்து வெயில் பொல்லாதது. காலை எட்டு மணிக்கு முன்னால், இல்லையென்றால் மாலை நாலரைக்கு மேல் ஆடட்டும். பையில் உப்புப் போட்ட மோர் ஒரு பாட்டில் இருக்கட்டும்.

• குதித்து இறங்கும்போது முழங்கால் மடங்கி, இரண்டு காலும் சேர்ந்து மெத்தென்று இறங்க வேண்டும். விறைப்பாக இறங்கினால் முழங்கால் தசைநார் அறுந்துவிடலாம். பையன்களைவிடப் பெண்களுக்கு இந்த ஆபத்து அதிகம். ஆரம்பத்திலேயே சொல்லித்தரும்படி பயிற்சியாளரிடம் கேளுங்கள்.

• சரியான அளவில் உள்ளாடையும், கணுக்கால் பிடிக்கும் காலணியும் அவசியம். இதில் கஞ்சம் வேண்டாம்.

• பயிற்சியாளர் யார், எங்கே ஆடுகிறார்கள், கூட யார் வருகிறார்கள் என்று ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். சந்தேகப்படுவதற்காக இல்லை. அம்மாவுக்கு அக்கறை உண்டு என்பது எல்லோருக்கும் தெரிய வேண்டும்.

இளம் தாய்மார்களுக்கு

அனிதா குழந்தை பெற்ற பிறகு இந்தியாவுக்கே ஆடினார் என்றால், நாம் நம் உடம்புக்காக ஆடலாமே? அவசரம் மட்டும் கூடாது. சுகப்பிரசவம் என்றால் சில நாட்களிலேயே மெல்ல வீட்டுக்குள் நடக்கலாம். ஆறு வாரத்தில் மருத்துவரிடம் காட்டிவிட்டு அடுத்ததைத் தொடங்குங்கள். ஓட்டம், குதியல் எல்லாம் மூன்று மாதத்துக்குப் பிறகுதான். ஆபரேஷன் என்றால் இன்னும் பொறுக்க வேண்டும்.

ஒரு சின்னப் பயிற்சியை முதலில் செய்யுங்கள். சிறுநீரை அடக்குவது போல இடுப்புத்தளத் தசைகளை இறுக்கி, ஐந்து எண்ணி விடுங்கள். ஒரு தடவைக்குப் பத்து முறை, தினம் மூன்று வேளை. அடுப்படியில் நின்றுகொண்டே செய்யலாம். அடி இறக்கம் வராமல் காப்பதற்கு இதைவிட மலிவான மருந்து கிடையாது. மிதமான உடற்பயிற்சியால் தாய்ப்பால் குறையாது. பால் கொடுத்துவிட்டுப் பயிற்சி செய்தால் மார்பும் பாரமாக இருக்காது. இரத்தப்போக்கு அதிகமானாலோ, வலித்தாலோ, இருமும்போது சிறுநீர் கசிந்தாலோ நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

விளையாட்டு சோறு போடுமா?

மாமியார் கடைசியாகக் கேட்ட கேள்வி இது. நியாயமான கேள்விதான். எல்லோரும் அனிதா ஆகிவிட முடியாது. ஆனால் அனிதாவுக்கும் கீதுவுக்கும் ரயில்வே வேலைக்கு வழி விட்டது இந்தப் பந்துதான். தமிழ்நாடு அரசு வேலைகளிலும் விளையாட்டு வீரர்களுக்கு மூன்று சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் பல மாவட்டங்களில் விளையாட்டு விடுதிகள் நடத்துகிறது. தேர்வானால் தங்கும் இடம், சாப்பாடு, பயிற்சி எல்லாம் உண்டு. உங்கள் மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் போய் விசாரியுங்கள். போய்க் கேட்டால்தானே தெரியும்?

வேலை கிடைக்காவிட்டாலும் நஷ்டமில்லை. கெட்டியான எலும்பு, நல்ல பசி, நல்ல தூக்கம், தோற்றால் அடுத்த நாள் மறுபடி மைதானத்துக்குப் போகிற மனசு. கட்டிக்கொடுக்கும்போது நகையோடு சேர்த்து இதையும் கொடுத்தனுப்பலாம். நகையை அடகு வைக்க நேரலாம், இதை யாரும் வாங்கி வைத்துக்கொள்ள முடியாது.