கேசட்டில் கீச்சிடும் விளையாட்டு

டேப் ரிக்கார்டரில் போட்டால் காது கூசும். முதலில் ஒரே சுருதியில் நீளமான கீச்சொலி, பிறகு கரகரவென்று இரைச்சல். 1980களில் பிரிட்டனில் பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் லட்சக்கணக்கான வீடுகளில் பொறுமையாக உட்கார்ந்து கேட்ட சத்தம் இது. அவர்கள் வீட்டிலிருந்த இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் என்ற கணினிக்கு அந்த இரைச்சல்தான் விளையாட்டு.

கிளைவ் சின்க்ளேரின் நிறுவனம் 1982 ஏப்ரலில் இதை வெளியிட்டது. 16 கேபி நினைவகம் உள்ளது 125 பவுண்டு, 48 கேபி உள்ளது 175 பவுண்டு. ரப்பர் விசைகள், திரைக்கு வீட்டு டிவி. டிஸ்க் டிரைவ் வாங்கப் போனால் கணினி அளவுக்கே செலவாகும் காலம் அது. கேசட் பிளேயரோ ஏற்கனவே வீட்டில் இருந்தது. அதனால் விளையாட்டுகள் பாட்டுக் கேசட்டின் வடிவிலேயே கடைக்கு வந்தன. இந்தியாவிலும் 80களின் பிற்பகுதியில் டெசிபெல்ஸ் என்ற நிறுவனம் இதன் பிளஸ் மாதிரியை ‘டிபி ஸ்பெக்ட்ரம்+’ என்று விற்றது.

அந்த விளையாட்டுகளை இன்றும் ஆடுகிறார்கள். ஆடுவதற்கு முன்னால் யாரோ ஒருவர் அவற்றைக் கேசட்டிலிருந்து உயிரோடு வெளியே எடுத்திருக்க வேண்டும். அது எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ள, கேசட்டில் என்ன இருக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

கணினிக்கு எல்லாமே 0, 1 கணக்குதான். ஸ்பெக்ட்ரம் 0 என்பதைக் குட்டை அலையாகவும், 1 என்பதை அதைப்போல இரு மடங்கு நீளமான அலையாகவும் கேசட்டில் எழுதியது. குட்டை அலை ஒருமுறை ஏறி இறங்க ஏறக்குறைய 0.49 மில்லிநொடி, நீள அலைக்கு 0.98 மில்லிநொடி. கேசட் ஓடும்போது கணினி வேறு எந்த வேலையும் பார்க்காது. அலை ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் எடுத்தது என்று எண்ணிக்கொண்டே இருக்கும். நொடிக்குச் சுமார் 1,500 பிட் உள்ளே போகும். 48 கேபி நிரம்ப ஐந்து நிமிடம் ஆகிவிடும்.

இந்த வேலையைத் திரையிலேயே பார்க்கலாம். ஓரங்களில் சிவப்பும் வெளிர்நீலமுமாகப் பட்டைகள் ஓடினால், கணினி அந்தத் தொடக்கச் சுருதியைப் பிடித்துக்கொண்டது என்று பொருள். பட்டைகள் நீலமும் மஞ்சளுமாக மாறினால் தரவு வருகிறது. முதலில் வருவது 17 பைட் கொண்ட தலைப்பு: பத்து எழுத்துக்குள் ஒரு பெயர், பின்னால் வருவதன் நீளம் போன்ற விவரங்கள். பல விளையாட்டுகளில் அடுத்து ஒரு முகப்புப் படம் வரும். 256க்கு 192 புள்ளிகள் கொண்ட அந்தப் படத்தின் கோடுகளுக்கு 6,144 பைட், வண்ணங்களுக்கு வெறும் 768 பைட். கோடுகள் இடைவெளி விட்டு விட்டு, நேர்வரிசையில் இல்லாமல் நிரம்பும். கடைசி நான்கைந்து நொடிகளில் வண்ணம் மேலிருந்து கீழாகச் சரசரவென ஏறும். விளையாட்டைவிட இந்தக் காட்சிதான் பிடிக்கும் என்று சொல்கிறவர்கள் உண்டு. நானும் அந்தக் கட்சிதான்.

தரவு வெறும் சத்தம் என்பதால் அதை வானொலியிலும் அனுப்ப முடிந்தது. யூகோஸ்லாவியாவில் பெல்கிரேட் வானொலியின் ‘வெண்டிலேட்டர் 202’ நிகழ்ச்சியில் ஜோரன் மோட்லி என்ற அறிவிப்பாளர் 80களில் கணினி நிரல்களை அப்படியே ஒலிபரப்பினார். கேட்டவர்கள் கேசட்டில் பதிந்துகொண்டு, பிறகு தங்கள் கணினியில் ஏற்றினார்கள்.

இனி சிக்கலுக்கு வருவோம். பாட்டுக் கேசட்டில் ஓரிடத்தில் ஒலி ஒரு நொடி மங்கினால் நாம் கண்டுகொள்ளாமல் கேட்டுவிடுவோம். இங்கே ஒரேயொரு அலை பிசகினாலும் போச்சு. ஒவ்வொரு தொகுப்பின் கடைசியிலும் ஒரு சரிபார்ப்பு பைட் இருக்கும். முந்தைய பைட்டுகளோடு அது ஒத்துப்போகாவிட்டால், ஐந்து நிமிடம் காத்திருந்த பிள்ளைக்குத் திரையில் ‘டேப் லோடிங் எரர்’ என்ற வரிதான் மிச்சம். நாற்பது ஆண்டு ஆன கேசட்டில் நாடா நீண்டிருக்கும், மடங்கியிருக்கும், காந்தப் பூச்சு உதிர்ந்திருக்கும், ஈரத்தில் பூஞ்சை பிடித்திருக்கும். போதாததற்குப் பிளேயரின் ஹெட் சாய்ந்திருந்தாலும் அலையின் விளிம்புகள் மழுங்கிவிடும். சின்ன ஸ்க்ரூ ஒன்றைத் திருப்பி, ஒலி மிகக் கூர்மையாகக் கேட்கும் இடத்தில் ஹெட்டை நிறுத்த வேண்டும்.

சேகரிப்பவர்கள் செய்வது இதுதான். ஹெட்டைத் துடைத்து, சாய்வைச் சரிசெய்து, கேசட்டை ஓடவிட்டுக் கணினியில் ஒலிக்கோப்பாகப் பதிகிறார்கள். நொடிக்கு 44,100 மாதிரிகள், அதாவது சிடி தரம், இதற்குப் போதும். அந்த ஒலியை ஒரு மென்பொருள் அலை அலையாக அளந்து, மீண்டும் 0, 1 ஆக்குகிறது. சரிபார்ப்பு பைட் பொருந்தினால் நிம்மதி. பொருந்தாவிட்டால் அதே விளையாட்டின் இன்னொரு கேசட்டைத் தேடி ஒப்பிட வேண்டும். சில சமயம் தேடி அலைய வேண்டியதில்லை. பல நிறுவனங்கள் கேசட்டின் இரு பக்கத்திலும் அதே விளையாட்டைப் பதிந்து விற்றன. ஒரு பக்கம் கெட்டிருந்தாலும் மறுபக்கம் காப்பாற்றும்.

நகல் எடுப்பவர்களைத் தடுக்க நிறுவனங்கள் செய்த தந்திரங்கள் பாதுகாப்பவர்களையும் சேர்த்தே மாட்டிவிட்டன. ‘ஸ்பீட்லாக்’ போன்ற முறைகள் அலைகளின் நீளத்தையே மாற்றின, தொடக்கச் சுருதியைத் துண்டு துண்டாக வெட்டின. அப்படிப்பட்ட கேசட்டிலிருந்து 0, 1 மட்டும் பிரித்தெடுத்து வைத்தால் விளையாட்டு ஓடலாம். ஆனால் கேசட்டில் இருந்தது அதுவல்ல. அதனால்தான் ‘டிஇசட்எக்ஸ்’ என்ற கோப்பு வடிவம் வந்தது. தரவோடு அலைகளின் கால அளவுகளையும் அது குறித்துவைக்கிறது. அதை வைத்து ஏறக்குறைய அதே கேசட்டை மறுபடி பதிந்துவிடலாம்.

நிரலைக் காப்பாற்றினால் மட்டும் போதுமா என்றால், போதாது. மேத்யூ ஸ்மித் எழுதி 1984இல் வந்த ‘ஜெட் செட் வில்லி’யைப் பாருங்கள். கேசட் உறையோடு ஒரு அட்டை வரும். அதில் 180 கட்டங்கள், கட்டத்துக்கு நான்கு வண்ணங்கள். ஏறி முடித்ததும் விளையாட்டு ஏதாவது ஒரு கட்டத்தைச் சொல்லி, அதிலுள்ள வண்ணங்களைக் கேட்கும். அன்றைய கறுப்பு வெள்ளை ஜெராக்ஸில் அந்த அட்டையை நகலெடுக்க முடியாது என்பதுதான் கணக்கு. அட்டை தொலைந்தால் காசு கொடுத்து வாங்கியவரும் உள்ளே போக முடியாது. ‘எலைட்’ விளையாட்டின் ஸ்பெக்ட்ரம் பதிப்பு இன்னும் ஒரு படி மேலே போனது. திரையில் எழுத்துகள் சிதறித் தெரியும். உடன் வரும் ‘லென்ஸ்லாக்’ என்ற பிளாஸ்டிக் வில்லையைத் திரைமேல் வைத்துப் பார்த்தால்தான் படிக்க முடியும். டிவி மிகப் பெரிதாகவோ மிகச் சிறிதாகவோ இருந்தால் அதுவும் நடக்காது. இன்று அந்த வில்லையின் வேலையைக் கணக்குப் போட்டுச் செய்யும் தனி மென்பொருளே எழுதியிருக்கிறார்கள். ஆகவே உறை, அட்டை, கையேடு எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து வைப்பது இந்த வேலையில் பாதி.

அடுத்தது இயந்திரம். பழைய ஸ்பெக்ட்ரத்தின் நினைவகச் சில்லுகளில் ஒரு பகுதிக்கு +12, +5, −5 வோல்ட் என மூன்று மின்னழுத்தங்கள் தேவை. மின்சாரப் பகுதியில் ஒரு டிரான்சிஸ்டர் போய் −5 வராமல் நின்றால் அந்தச் சில்லுகளும் சேர்ந்து போய்விடும். கெப்பாசிட்டர்கள் வறண்டுபோகும், விசைப்பலகையின் பிளாஸ்டிக் படலம் மடிப்பில் உடையும். இவற்றுக்கெல்லாம் புதுப் பாகங்கள் கிடைக்கின்றன. படத்தை உருவாக்கும் யூஎல்ஏ சில்லு மட்டும் இந்தக் கணினிக்கென்றே செய்யப்பட்டது. தயாரிப்பு நின்று பல காலம் ஆகிறது. அதற்கும் மாற்றுகளை ஆர்வலர்கள் வடிவமைத்துவிட்டார்கள்.

ஓடும் ஸ்பெக்ட்ரம் கையில் இருந்தால் கேசட் பிளேயர்கூட வேண்டாம். கைபேசியிலிருந்து அதே ஒலியை முழுச் சத்தத்தில் ‘இயர்’ துளைக்குள் செலுத்தினால் விளையாட்டு ஏறிவிடும். நடுவில் யாரும் அழைக்காமல் இருக்க வேண்டும், அவ்வளவே.

இயந்திரம் இல்லாதவர்களுக்கு எமுலேட்டர்: இன்றைய கணினிக்குள் ஸ்பெக்ட்ரம்போல நடிக்கும் மென்பொருள். அதைச் சரியாக எழுதுவது மேலோட்டமாகப் பார்த்தால் தெரிவதைவிடக் கடினம். 3.5 மெகாஹெர்ட்ஸில் ஓடும் இசட்80 செயலியும் யூஎல்ஏவும் நினைவகத்தின் ஒரு பகுதியைப் பகிர்ந்துகொண்டன. யூஎல்ஏ படம் வரையும்போது செயலி அங்கே கைவைத்தால் சற்று நிறுத்திவைக்கப்படும். ஒரு முழுப் படத்துக்கு 69,888 கடிகாரத் துடிப்புகள். எமுலேட்டர் இந்த நிறுத்தங்களை எல்லாம் துடிப்பு பிசகாமல் எண்ண வேண்டும்.

ஏன் இத்தனை கெடுபிடி? ‘ஆர்க்கனாய்ட்’ விளையாட்டின் ஸ்பெக்ட்ரம் பதிப்பு ஒரு குறுக்கு வழி கண்டது. எந்தக் கருவியும் இணைக்கப்படாத ஒரு போர்ட் முகவரியைச் செயலி படித்தால் அங்கே ஒன்றும் இருக்காது. ஆனால் அந்த நொடியில் யூஎல்ஏ திரை நினைவகத்திலிருந்து எடுத்த பைட் கம்பிகளில் மிதந்து கையில் சிக்கும். அதை வைத்துத் திரை இப்போது எந்த இடத்தில் வரையப்படுகிறது என்று ஊகித்து, பந்து மினுங்காமல் வரைந்தார்கள். எந்தக் கையேடும் சொல்லித்தராத குணம் இது. பிற்பாடு வந்த +3 மாதிரியில் சுற்று மாறியதும் அந்த வித்தை பலிக்கவில்லை. ஆக, எமுலேட்டர் எழுதுபவர் இயந்திரத்தின் சிறப்புகளோடு அதன் கோணல்களையும் சேர்த்தே படியெடுக்க வேண்டும். என்னைக் கேட்டால் மொத்த வேலையிலும் சுவையான பகுதி இதுதான்.

கன்சோல்களுக்குக் கேசட் தொல்லை இல்லை. நிண்டெண்டோவின் கார்ட்ரிட்ஜுக்குள் இருப்பது தயாரிக்கும்போதே தரவு பதிந்த சில்லு. அது நெடுங்காலம் தாங்கும். 1985இல் வந்த ‘சூப்பர் மேரியோ பிரதர்ஸ்’ மொத்தமே 40 கேபி. வானத்து மேகமும் தரையிலுள்ள புதரும் ஒரே படம்தான், நிறம் மட்டும் வேறு. கெடுவது துணைப் பாகங்கள். ‘ஜெல்டா’ கார்ட்ரிட்ஜில் நாம் சேமித்த ஆட்டத்தைக் காப்பது ஒரு சிறிய பேட்டரி. அது தீர்ந்தால் சேமிப்பு காலி. ‘டக் ஹண்ட்’டின் துப்பாக்கி பழைய குழாய் டிவியின் ஒளியை எதிர்பார்த்துச் செய்யப்பட்டது, இன்றைய தட்டை டிவியில் எத்தனை சுட்டாலும் வாத்து விழாது.

தமிழ்நாட்டில் 90களில் ‘டிவி கேம்’ என்று விற்ற பெட்டிகள் பெரும்பாலும் இந்த நிண்டெண்டோவின் போலிகள். அவற்றின் கார்ட்ரிட்ஜையும் ‘கேசட்’ என்றே சொல்வோம். அதன் மேல் 99,99,999 விளையாட்டு என்று போட்டிருக்கும், உள்ளே போனால் கைவிரலால் எண்ணிவிடலாம். அதே ஆட்டம் வேறு கட்டத்திலிருந்து தொடங்கும். ஓடாவிட்டால் ஊதிப் போடுவோம். வாயின் ஈரம் அந்தத் தொடுமுனைகளை அரிக்கத்தான் செய்யும். ஐசோபுரொபைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டுத் துடைப்பதே சரி. அந்தப் போலிகளில் சில்லைக் கறுப்புப் பசைக்கட்டிக்குள் புதைத்திருப்பார்கள். தனியே கழற்றிப் படிப்பது சிரமம். ஆனாலும் அவற்றையும் படியெடுத்துத் தொகுப்பவர்கள் இருக்கிறார்கள்.

சட்டம்தான் இதில் மிகவும் சங்கடமான இடம். பிரிட்டனில் காப்புரிமை ஆசிரியர் இறந்தபின் 70 ஆண்டுகள் நீடிக்கிறது. கேசட் அவ்வளவு நாள் தாங்காது. ஸ்பெக்ட்ரம் உரிமையை 1986இல் வாங்கிய ஆம்ஸ்ட்ராட் நிறுவனம் பெருந்தன்மையாக நடந்துகொண்டது. கணினியின் 16 கேபி அடிப்படை நிரலைத் தன் உரிமையை விட்டுக்கொடுக்காமலே எமுலேட்டர்களோடு பகிரலாம் என்று 1999இல் அனுமதித்தது. எல்லோரும் அப்படி இல்லை. அமெரிக்காவில் 2010க்கு முன் வந்த பழைய விளையாட்டுகளில் 87 விழுக்காடு விற்பனையில் இல்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் கணக்கெடுத்தது. அவற்றை ஆய்வாளர்களுக்குத் தொலைவிலிருந்தே நூலகங்கள் தர அனுமதி வேண்டும் என்ற கோரிக்கையை அந்நாட்டுக் காப்புரிமை அலுவலகம் 2024இல் நிராகரித்தது. விற்கவும் மாட்டார்கள், நூலகம் தரவும் விடமாட்டார்கள் என்றால் அதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் கொடுத்த ஸ்பெக்ட்ரம் கேசட் ஏதாவது உங்கள் பரணில் கிடந்தால், எடுத்தவுடன் பழைய பிளேயரில் போட்டு விடாதீர்கள். நாடாவை அது தின்றுவிட்டால் பிறகு ஒன்றும் செய்ய முடியாது. வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் ஓட்டவே வேண்டாம். சுத்தமாக இருந்தால், நல்ல பிளேயரில் பழைய கேசட் ஒன்றை ஓட்டிப் பரிசோதித்துவிட்டு, ஒருமுறை கடைசிவரை ஓட்டித் திருப்பிச் சுற்றிய பிறகு பதியுங்கள். இரு பக்கத்தையும் பதியுங்கள். எம்பி3 ஆகச் சுருக்காமல் வேவ் கோப்பாகவே வைத்திருங்கள்; பின்னால் வரும் மென்பொருள் இன்னும் நன்றாகப் படிக்கக்கூடும். உறையின் உள்பக்கம் உட்பட எல்லாவற்றையும் ஸ்கேன் செய்யுங்கள். அந்த விளையாட்டு ஏற்கனவே இணையத் தொகுப்புகளில் இருக்கலாம். அப்படியிருந்தாலும் வெளியீட்டு நிறுவனத்தின் பெயரை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே விளையாட்டை மலிவுப் பதிப்பாக வேறு நிறுவனம் மறுபடி வெளியிடுவது வழக்கம்; அதில் நகலைத் தடுக்கும் பூட்டும் முகப்புப் படமும் வேறாக இருக்கலாம்.