தென்னையைத் துளைக்கும் காண்டாமிருக வண்டும் இயற்கைத் தடுப்பு முறைகளும்

அந்தமான் நிக்கோபார் தீவுகளின் தோட்டப் பயிர்களுள் முதன்மையானது தென்னை. நிக்கோபார் மக்களுக்கு அது உணவாகவும், பானமாகவும், பன்றிகளுக்குத் தீவனமாகவும், கொப்பரையின் வாயிலாக வருவாயாகவும் பயன்படுகின்றது. இம்மரத்தின் வளர்ச்சி முழுவதும் உச்சியிலுள்ள ஒரே குருத்தைச் சார்ந்தது. அக்குருத்தைத் துளைப்பது காண்டாமிருக வண்டு.

வண்டின் இயல்பு

கருநிறமும் தலையில் கொம்பும் உடைய இவ்வண்டு இரவில் பறந்து வந்து, விரியாத குருத்தைக் குடைந்து சாற்றை உறிஞ்சும். துளையின் வாயில் மென்ற நார்ச்சக்கை காணப்படும். தாக்குண்ட ஓலை விரியும்போது விசிறியைக் கத்தரித்தது போலத் தோன்றும். வளர்ந்த மரத்தில் விளைச்சல் குறையும். இளங்கன்றோ மாண்டுவிடவும் கூடும். காயத்தின் வழியே சிவப்புக் கூன்வண்டு புகுவதும் உண்டு.

மரத்தைத் தாக்குவது முதிர்ந்த வண்டு மட்டுமே. முட்டை, புழு, கூட்டுப்புழு ஆகிய பருவங்கள் எருக்குழியிலும் மட்கிய தென்னங்கட்டையிலும் கழிகின்றன. புழுப் பருவம் மட்டும் சுமார் நான்கு முதல் ஆறு மாதம் நீடிக்கும்.

மரத்தில் செய்ய வேண்டியவை

நுனி வளைந்த இரும்புக் கம்பியைத் துளையில் செலுத்தி வண்டைக் குத்தி எடுத்தல் பழைய வழக்கம். குருத்தையடுத்த மூன்று மட்டை இடுக்குகளில், 250 கிராம் வேப்பம் பிண்ணாக்குத் தூளைச் சம அளவு மணலுடன் கலந்து, ஆண்டுக்கு மூன்று முறை இடுதல் மற்றொன்று. வேம்பிலுள்ள கசப்புப் பொருள்கள் வண்டு உண்பதைத் தடுக்கின்றன. இத்தீவுகளில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்வதால், தெளித்த வேப்பெண்ணெய் விரைவில் கழுவப்பட்டுவிடும். இடுக்கில் தங்கும் பிண்ணாக்கே ஏற்றது. ஐந்து லிட்டர் நீரில் ஒரு கிலோ ஆமணக்குப் பிண்ணாக்கை ஊறவைத்து, மண்பானைகளில் தோட்டத்தில் வைத்தால், அந்நாற்றத்தால் கவரப்படும் வண்டுகள் அதில் விழுந்து மடியும்.

பிறப்பிடத்தில் செய்ய வேண்டியவை

பிண்ணாக்கு இட்டும் வண்டு மீண்டும் வருகின்றதே என்று உழவர்கள் குறை கூறுவதுண்டு. அம்மருந்து இட்ட மரத்தை மட்டுமே காக்கும். அண்டைத் தோட்டத்துக் குப்பைக்குழியில் புதிய வண்டுகள் தோன்றுவதை அது தடுக்காது. 2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை நிக்கோபார்த் தீவுகளில் எண்ணற்ற தென்னைகளை அழித்தது. அவ்வாறு மடிந்து மட்கும் கட்டைகளே வண்டு பெருகுவதற்கு மிகவும் உகந்த இடங்கள்.

ஆகவே, மடிந்த மரங்களை வெட்டி அகற்றல் வேண்டும். எருக்குழியை அவ்வப்போது கிளறிப் புழுக்களைப் பொறுக்கி அழித்தல் வேண்டும். கேரளத்தில் பெருவலம் எனப்படும் செடியின் தழையை, எருவின் எடையில் பத்தில் ஒரு பங்கு கலந்தால், புழுக்களின் உருமாற்றம் கெடும். மெட்டாரைசியம் என்னும் பச்சைப் பூசணமும் புழுக்களைக் கொல்லும்.

இயற்கையின் துணை

1909 இல் இலங்கையிலிருந்து ரப்பர் நாற்றுகளுடன் சமோவாத் தீவுக்குச் சென்ற இவ்வண்டு, அங்கே பெருந்தீங்கு விளைத்தது. 1963 இல் ஹ்யூகர் என்னும் ஜெர்மானிய அறிஞர் மலேசியாவில் இவ்வண்டைத் தாக்கும் வைரஸைக் கண்டறிந்தார். 1967 இல் அது சமோவாவில் விடப்பட்டது. வண்டின் தொகை வெகுவாகக் குறைந்தது. பின்னர் அந்தமானிலும் அவ்வைரஸ் விடப்பட்டு நிலைபெற்றது. எனினும் குப்பையை அகற்றும் கடமை அதனால் நீங்கிவிடாது.

இப்பணி தனியொருவரால் நிறைவேறாது. கள ஊழியர்கள் ஊர் முழுவதற்கும் ஒரே நாளைக் குறித்து எருக்குழிகளைக் கிளறச் செய்தல் நலம். ஆசிரியர்கள் மட்கிய கட்டை ஒன்றைப் பிளந்து, அதிலுள்ள வெண்புழுக்களை மாணவர்களுக்குக் காட்டலாம். புழுவும் வண்டும் ஒன்றே என்பதைக் கண்ணால் கண்ட சிறுவன், தன் வீட்டுக் குப்பைக்குழியைக் கவனியாது விடமாட்டான்.