அசிமோவின் ஃபவுண்டேஷன்: எதை முதலில் படிப்பது?

ஐசக் அசிமோவின் ஃபவுண்டேஷன் வரிசையைப் படிக்க ஆசைப்பட்டுப் பட்டியலைத் தேடினால் முதலில் கிடைப்பது தலைவலிதான். ஃபவுண்டேஷன் என்ற பெயரில் அவர் எழுதியது 7 புத்தகங்கள். அதே பிரபஞ்சத்தில் ரோபோ நாவல்கள் 4, பேரரசு நாவல்கள் 3, போதாக்குறைக்கு ரோபோ சிறுகதைகள். எங்கே ஆரம்பிப்பது? "கதை நடக்கும் கால வரிசையில் படி" என்கிறார் ஒருவர். "வெளிவந்த வரிசையில் படி" என்கிறார் இன்னொருவர். இரண்டுமே முழு பதில் இல்லை என்பது என் கட்சி. ஏன் என்று பார்ப்போம். எந்த ரகசியத்தையும் உடைக்காமல் எழுதுகிறேன், பயப்படாமல் படிக்கலாம்.

முதலில் கொஞ்சம் வரலாறு.

1941 ஆகஸ்ட் 1. அசிமோவுக்கு வயது 21. 'அஸ்டவுண்டிங்' பத்திரிகையின் ஆசிரியர் ஜான் கேம்ப்பெல்லைப் பார்க்க நியூயார்க் சுரங்க ரயிலில் போகும்போதுதான், ஒரு விண்மீன் பேரரசு சரிந்து விழும் கதை என்ற யோசனை அவருக்கு வந்தது. கிப்பன் எழுதிய ரோமப் பேரரசின் வீழ்ச்சி வரலாறு மனதில் இருந்தது. முதல் கதை 1942 மே இதழில் வந்தது. 1950 ஜனவரிக்குள் மொத்தம் 8 கதைகள். எல்லாமே பத்திரிகைக்காக எழுதியவை; நாவல் என்ற திட்டமே கிடையாது.

பிறகு நோம் பிரஸ் என்ற சிறிய பதிப்பகம் இவற்றை 3 புத்தகங்களாகத் தொகுத்தது. 'ஃபவுண்டேஷன்' (1951), 'ஃபவுண்டேஷன் அண்ட் எம்பயர்' (1952), 'செகண்ட் ஃபவுண்டேஷன்' (1953). இன்று முதல் புத்தகத்தைத் திறந்தால் வரும் முதல் பகுதி, இந்தத் தொகுப்புக்காகக் கடைசியாக எழுதிச் சேர்த்தது. அதாவது படிக்கும் வரிசையும் எழுதிய வரிசையும் முதல் பக்கத்திலேயே பிரிந்துவிட்டன!

அதற்கப்புறம் ஏறக்குறைய 30 வருடம் ஒன்றும் இல்லை. பதிப்பாளரும் வாசகர்களும் விடாமல் கேட்டு, 1982-ல் 'ஃபவுண்டேஷன்ஸ் எட்ஜ்' வந்தது. 1986-ல் அதன் நேரடித் தொடர்ச்சியாக 'ஃபவுண்டேஷன் அண்ட் எர்த்'. அங்கிருந்து முன்னால் போகாமல் அசிமோவ் பின்னால் போனார். ஹரி செல்டனின் இளமைக் கதை 'ப்ரெலூட் டு ஃபவுண்டேஷன்' (1988). செல்டனின் பிற்காலம் 'ஃபார்வர்ட் தி ஃபவுண்டேஷன்'. இது 1992 ஏப்ரலில் அசிமோவ் இறந்த பிறகு, 1993-ல்தான் வெளிவந்தது.

கால வரிசையில் என்ன சிக்கல்?

'ப்ரெலூட்' முன்னுரையில் அசிமோவே 14 புத்தகங்களை எதிர்கால வரலாற்று வரிசையில் அடுக்கித் தந்திருக்கிறார். ஆசிரியரே சொல்லிட்டார், அப்புறம் என்ன என்று தோன்றும். அந்தப் பட்டியலில் 'தி கரண்ட்ஸ் ஆஃப் ஸ்பேஸ்' முன்னாலும் 'தி ஸ்டார்ஸ், லைக் டஸ்ட்' பின்னாலும் இருக்கின்றன. ஆனால் கதைகளுக்குள் போய்ப் பார்த்தால், முதலாவதில் ட்ரான்டர் விண்மீன் மண்டலத்தில் பாதியைப் பிடித்து வளர்ந்துகொண்டிருக்கும் வல்லரசு. இரண்டாவதில் ட்ரான்டர் என்ற பேச்சே இல்லை. தலைகீழாக இருந்தால்தான் பொருந்தும். அந்தப் பட்டியல் வேதவாக்கு இல்லை.

அதைவிடப் பெரிய சிக்கல் வேறு. கால வரிசையில் போனால் 1988-ல் எழுதிய 'ப்ரெலூட்'டை முடித்துவிட்டு 1940-களின் கதைகளுக்கு வருவீர்கள். எழுத்தாளரின் உலகம் திடீரென்று 40 வருடம் பின்னால் போய்விடும். முதல் புத்தகத்தில் செல்டன் கணக்குப் போட இடுப்புப் பையிலிருந்து ஒரு கால்குலேட்டரை எடுக்கிறார். 'எட்ஜ்' நாவலில் நாயகன் தன் மனதாலேயே கப்பலின் கணினியோடு பேசுகிறான். 1951-லிருந்து 1982-க்குப் போகும்போது இது வளர்ச்சியாகத் தெரியும். தலைகீழாகப் படித்தால், ஏன் இவர்களுக்கு எல்லாம் மறந்துபோச்சு என்று தோன்றும்.

மூன்றாவது காரணம்தான் எனக்கு முக்கியம். செல்டனின் உளவரலாறு என்ற கற்பனை அறிவியலுக்கு இரண்டு நிபந்தனைகள். மக்கள்தொகை மிகப் பெரியதாக இருக்க வேண்டும். கணிப்பு என்ன என்பது அந்த மக்களுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் அவர்கள் நடத்தை மாறிவிடும், கணிப்பு பொய்யாகிவிடும். 30,000 வருட இருண்ட காலத்தை 1,000 வருடமாகச் சுருக்கும் அவரது திட்டமே இந்த அறியாமையின் மேல்தான் நிற்கிறது. முதல் புத்தகத்தில் டெர்மினஸ் மக்களுக்குத் தெரிந்த அளவுதான் நமக்கும் தெரியும். ஒவ்வொரு நெருக்கடியிலும் அவர்களோடு சேர்ந்து நாமும் தவிக்கிறோம். இரண்டு பெரிய செல்டன் நாவல்களைப் படித்துவிட்டு வந்தவருக்கு இந்தத் தவிப்பு கிடையாது. திரைக்குப் பின்னால் போய் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு நாடகம் பார்க்க உட்கார்ந்த மாதிரிதான்.

சார்பு வரைபடம்

மென்பொருளில் இது பழகிய பிரச்சினை. எந்தத் தொகுப்பு எதைச் சார்ந்திருக்கிறது என்று அம்புக்குறி போட்டு, சுழற்சி இல்லாமல் வரிசைப்படுத்துவோம். அம்பு இல்லாத இடத்தில் எந்த வரிசையும் சரிதான். புத்தகங்களுக்கும் அதையே செய்யலாம். ஆனால் அம்புகள் இரண்டு வகை. ஒன்று, பின்னதைப் படித்தால் முன்னதின் ரகசியம் உடைந்துவிடும். இன்னொன்று, முன்னதைப் படிக்காவிட்டால் பின்னதன் கனம் புரியாது.

முதல் வகை அம்புகள்: முத்தொகுதியில் இரண்டாம் புத்தகத்தின் பெரிய ரகசியத்தை மூன்றாம் புத்தகம் ஆரம்பத்திலேயே தெரிந்ததாக எடுத்துக்கொள்கிறது. மூன்றாவதின் ரகசியத்தை 'எட்ஜ்' அப்படியே போட்டு உடைக்கிறது. ரோபோ நாவல்களிலும் இதே கதை. 'தி கேவ்ஸ் ஆஃப் ஸ்டீல்' (1954), 'தி நேக்கட் சன்' (1957), 'தி ரோபோட்ஸ் ஆஃப் டான்' (1983), 'ரோபோட்ஸ் அண்ட் எம்பயர்' (1985). இதை மாற்றவே கூடாது. முதல் மூன்றும் துப்பறியும் நாவல்கள் வேறு.

இரண்டாம் வகை: 'எர்த்' நாவல் பழைய ரோபோ உலகங்களுக்குத் திரும்பிப் போகிறது. 'நேக்கட் சன்' படித்தவருக்கு சொலாரியா என்ற பெயரைக் கேட்டதும் முதுகுத்தண்டில் சில்லென்று இருக்கும். படிக்காதவருக்கு அது இன்னொரு கிரகம், அவ்வளவுதான். 'ப்ரெலூட்' கடைசியில் வரும் திருப்பமும் அப்படித்தான். ரோபோ நாவல்களைப் படித்தவருக்கு மட்டுமே அது திருப்பம்.

ஒரு இடத்தில் இரண்டு வகை அம்பும் மோதுகின்றன. 'எட்ஜ்', 'எர்த்' இரண்டிலும் பூமிக்கு என்ன ஆயிற்று என்ற கேள்வி ஓடுகிறது. 'ரோபோட்ஸ் அண்ட் எம்பயர்' அதற்கான பதிலில் பெரும்பகுதியைச் சொல்லிவிடுகிறது. முன்னால் படித்தால் ஒரு கேள்வியின் சுவாரசியம் குறையும். பின்னால் படித்தால் 'எர்த்' நாவலின் முடிவு வெறும் தகவலாகப் போய்விடும். ஆச்சரியத்தையா, கனத்தையா எதை விடுவது? நான் ஆச்சரியத்தை விடுவேன். ஆச்சரியம் ஒரு நிமிடம். கனம் புத்தகத்தை மூடிய பிறகும் இருக்கும்.

வெளிவந்த வரிசையை அப்படியே பின்பற்றுவதில் இருக்கும் குறையும் இங்கேதான். 'எட்ஜ்' முடிவதே ஒரு கேள்வியில். அதற்கும் 'எர்த்' நாவலுக்கும் நடுவில் இரண்டு தடித்த ரோபோ நாவல்களை நுழைத்தால் அந்தக் கேள்வியின் சூடு ஆறிவிடும்.

என் வரிசை

1. ஃபவுண்டேஷன், ஃபவுண்டேஷன் அண்ட் எம்பயர், செகண்ட் ஃபவுண்டேஷன்
2. 'ஐ, ரோபோ' சிறுகதைகள், பிறகு 4 ரோபோ நாவல்கள், மேலே சொன்ன வரிசையில்
3. எட்ஜ், எர்த்
4. ப்ரெலூட், ஃபார்வர்ட்

பேரரசு நாவல்கள் மூன்றும் தனித்தனிக் கதைகள். முதல் படி முடிந்தபின் எப்போது வேண்டுமானாலும் படிக்கலாம். விட்டாலும் குடி முழுகாது. பென்ஃபோர்ட், பேர், பிரின் மூவரும் 1997 முதல் 1999 வரை எழுதிய மூன்று நாவல்கள் கடைசிக்கும் கடைசி. 2021-ல் தொடங்கிய ஆப்பிள் டிவி தொடரைப் புத்தகத்துக்குப் பிறகு பாருங்கள். கதையை நிறைய மாற்றியிருக்கிறார்கள், அது பரவாயில்லை. ஆனால் 'ப்ரெலூட்' கடைசிவரை ஒளித்து வைத்ததை முதல் சீசனிலேயே சொல்லிவிடுகிறார்கள்.

முதல் படியோடு நிறுத்திக்கொண்டாலும் குறை ஒன்றும் இல்லை. 1966-ல் எல்லாக் காலத்துக்குமான சிறந்த தொடர் என்று ஹ்யூகோ விருது வாங்கியது இந்த மூன்று புத்தகங்கள்தான். முதல் புத்தகத்தில் பேச்சு அதிகம், பெண் பாத்திரங்களைத் தேடித்தான் பார்க்கணும், 50 பக்கத்துக்கு ஒருமுறை ஆட்கள் மாறிவிடுவார்கள். அதனால் பாதியில் மூடி வைக்கத் தோன்றலாம். தயவுசெய்து இரண்டாம் புத்தகத்தின் இரண்டாம் பாதி வரை பொறுத்துக்கொள்ளுங்கள். பேய்ட்டா அங்கே வருகிறாள், மூன்றாவதில் 14 வயது ஆர்க்கடி வருகிறாள். செல்டன் கணக்கில் போடாத ஒன்றும் வருகிறது.

தொடரின் 1,000 வருடத்தில் கதை பாதி தூரம்கூடத் தாண்டவில்லை. இரண்டாம் பேரரசு எழுந்ததா என்பதை அசிமோவ் எழுதவே இல்லை. அதனால்தான் 'ஃபார்வர்ட்'டைக் கடைசியில் வைக்கிறேன். திட்டம் முடிவதைப் பார்க்க முடியாது என்று தெரிந்தே வேலையை முடிக்கப் போராடும் வயதான செல்டனை, தன் கடைசிக் காலத்தில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார் அசிமோவ். அதை முதலில் படித்தால் அது ஒரு முன்கதை. கடைசியில் படித்தால் விடைபெறுதல்.