கொழுப்பு மாத்திரையும் படர்தாமரை மாத்திரையும்

மழைக்காலம் வந்து விட்டால் நம் கால்களைக் கேட்கவே வேண்டாம். விடியற்காலையில் ரப்பர் பூட்சை மாட்டினால் வேலை முடிந்துதான் கழற்றுகிறோம். உள்ளே வேர்வை, வெளியே புல் ஈரம். விரலிடுக்கில் சேற்றுப்புண், இடுப்பில் படர்தாமரை, நகத்தில் பூசணம். களிம்புக்கு மசியாவிட்டால் மாத்திரை தேடிப் போகிறோம். வம்பு அங்கேதான் ஆரம்பம்.

ஜாசின் வட்டாரத்தில் ஒரு மண்டோர் என்று வைத்துக் கொள்ளுங்கள். வயது ஐம்பத்தைந்து. அரசாங்கக் கிளினிக்கில் ஒரு ரிங்கிட் கட்டி, கொழுப்புக்குச் சிம்வாஸ்டாட்டின் வாங்கி இரவில் போடுகிறவர். நகப் பூசணத்தை டவுனில் வேறொரு டாக்டரிடம் காட்டுகிறார். பழைய மாத்திரையைப் பற்றி அவரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. இட்ராகோனசோல் கிடைக்கிறது. சில நாளில் தொடை, தோள் எல்லாம் கடுப்பு. "குலை தூக்கினதுல பிடிச்சிருக்கும்" என்று தைலம் தேய்க்கிறார். வீட்டுக்கார அம்மாதான், "ஏங்க, மூத்திரம் கோப்பி-ஓ மாதிரி போகுதுன்னீங்களே, ஆஸ்பத்திரிக்கு வாங்க" என்று இழுத்துப் போக வேண்டியிருக்கிறது.

நடந்தது என்ன? சிம்வாஸ்டாட்டினை உடைத்துக் கழிப்பது குடலிலும் ஈரலிலும் உள்ள ஒரு நொதி. லயத்துக் கால்வாய் மாதிரி என்று நினைத்துக் கொள்ளுங்கள். இட்ராகோனசோல் அந்தக் கால்வாயை அடைத்து விடுகிறது. போட்டது ஒரு மாத்திரைதான். ரத்தத்தில் தேங்குவதோ பல மாத்திரை. 1998-இல் பின்லாந்து ஆய்வாளர்கள் 10 பேருக்கு இரண்டையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் சிம்வாஸ்டாட்டின் குறைந்தது 10 மடங்கு ஏறியது. அவ்வளவு ஏறினால் சிலருக்குத் தசை நார் சிதையும். சிதைந்த சரக்கு சிறுநீரகத்தில் போய் அடைக்கும். மூத்திரம் கறுப்பது அதனால்தான்.

ஆகவே சிம்வாஸ்டாட்டின், லோவாஸ்டாட்டின் போடுகிறவர்கள் இட்ராகோனசோல், கீட்டோகோனசோல் மாத்திரைகளைக் கூடவே விழுங்கக் கூடாது. அட்டோர்வாஸ்டாட்டினுக்கும் கவனம் வேண்டும். ஃபுளூக்கோனசோல் அவ்வளவு முரடு இல்லை, ஆனாலும் டாக்டரிடம் சொல்லியாக வேண்டும். ப்ராவாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின் இந்தக் கால்வாயை அதிகம் நம்பியிருப்பவை அல்ல. நகப் பூசணத்துக்குத் தரும் டெர்பினாஃபின் இந்தக் கால்வாயை அடைப்பதில்லை. தோலில் தடவும் குளோட்ரிமாசோல் களிம்பு உடம்புக்குள் ஏறுவது மிகச் சொற்பம், பயப்பட வேண்டாம்.

இன்னொன்று. இட்ராகோனசோலை மாதத்தில் ஒரு வாரம் மட்டும் போடச் சொல்வதும் உண்டு. "மத்த மூணு வாரம் சும்மாதானே" என்று சிம்வாஸ்டாட்டினைத் தொடங்கி விடாதீர்கள். நிறுத்திய பிறகும் அது உடம்பில் தங்கியிருக்கும். கடைசி மாத்திரைக்குப் பின் இரண்டு வாரம் பொறுக்கச் சொல்கிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், கொழுப்பு மாத்திரையின் பிறப்பே பூசணத்தில்தான்! 1970-களில் ஜப்பானியர் அகிரா எண்டோ பூசணத்திலிருந்துதான் இந்த வகையின் முதல் மருந்தைப் பிரித்தெடுத்தார். சீன மருந்துக் கடையில் விற்கும் சிவப்பரிசியும் பூசணம் ஏற்றியதே. அதில் இருப்பது லோவாஸ்டாட்டின் சரக்குத்தான். "நாட்டு மருந்துதானே அண்ணே" என்று அதைப் போடுகிறவர்களும் டாக்டரிடம் மறைக்கலாகாது.

இதைப் படித்து விட்டு யாரும் கொழுப்பு மாத்திரையைத் தூக்கி எறிய வேண்டாம். மாரடைப்பு கண்டவர்களுக்கு அது உயிர்க் காவல். சில வாரம் நிறுத்துவதா, வேறு மாற்றுவதா என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும். அவரிடம் "ராத்திரி போடுற சின்ன மாத்திரை" என்றால் அவருக்கு என்ன புரியும்? வீட்டில் உள்ள மருந்துப் பைகள் அத்தனையையும் அள்ளிக் கொண்டு போய் மேசையில் கொட்டுங்கள்.

காரணமில்லாத தசை வலியோடு மூத்திரம் கறுத்தால், ஒரு நாள் கூலி போகுமே என்று பார்க்காமல், அன்றைக்கே ஜாசின், அலோர் காஜா, மலாக்கா, எது பக்கமோ அந்த ஆஸ்பத்திரிக்குப் போய், இரண்டு மாத்திரையின் பெயரையும் சொல்லுங்கள்.