செங்கலடிப் பெருந்தெருவும் ஊவாத் தோட்டங்களும்

பேராதனையில் தொடங்கிக் கம்பளை, புசல்லாவை, இறம்பொடை, நுவரெலியா, வெலிமடை, ஹாலி-எல ஆகிய இடங்களைக் கடந்து பதுளையை அடைந்து, பின்னர் பசறை, லுணுகலை, பிபிலை, மகா ஓயா வழியாக மட்டக்களப்பு மாவட்டத்தின் செங்கலடியில் முடிவது ஏ-5 பெருந்தெரு. பயணிகள் இதன் இயற்கை எழிலைப் போற்றுவர். ஆயின், ஒரு தெரு எங்குச் செல்கின்றது என்பதோடு, யாருக்காக அமைக்கப்பட்டது என்பதையும் நாம் நோக்குதல் வேண்டும்.

1817-18ஆம் ஆண்டுகளில் ஊவாவில் எழுந்த கிளர்ச்சியை அடக்கிய பிரித்தானியர், மலைநாட்டைக் கட்டியாளத் தெருக்கள் இன்றியமையாதன என்பதை உணர்ந்தனர். படைக்கென எழுந்த தேவை, கோப்பிப் பயிர்ச்செய்கை பரவியதும் வணிகத் தேவையாயிற்று. பதுளையில் நிர்வாகியாயிருந்து தெருப்பணிகளை முன்னெடுத்த மேஜர் றொஜர்ஸ், 1845இல் ஹப்புத்தளையில் இடிவிழுந்து இறந்தார். பதுளை புனித மாற்கு ஆலயம் அவர் நினைவாக எழுந்தது. தெருக்களை வெட்டிய உழைப்பாளருக்கு அத்தகைய நினைவுச் சின்னம் எதுவுமில்லை. 1848ஆம் ஆண்டின் தெருச்சட்டமோ, வயதுவந்த ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாள் தெருவேலை செய்தல் வேண்டும், அன்றேல் ஈடாகப் பணம் செலுத்துதல் வேண்டும் என விதித்தது. அவ்வாண்டு கண்டி நாட்டில் மூண்ட கிளர்ச்சிக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

1869இல் மடுல்சீமையில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட இலைநோய் காலப்போக்கில் கோப்பியை அழித்தது. அதனிடத்தைத் தேயிலை பற்றிக்கொண்டது. தெருவின் சுமை மாறிற்றேயன்றி நோக்கம் மாறவில்லை. புகையிரதம் 1885இல் நானு ஓயாவையும், 1894இல் பண்டாரவளையையும், 1924இல் பதுளையையும் எட்டியது. அது வந்தடையும்வரை ஊவாவின் விளைபொருள் மாட்டுவண்டிகளிலேயே மலையேறி இறங்கிற்று.

இப்பெருந்தெருவிலிருந்து பிரியும் தோட்டத் தெருக்களையும் இங்கு நோக்குதல் தகும். இவை தொழிற்சாலையையும் துரையின் பங்களாவையும் பிரதான தெருவோடு இணைத்தன. லயங்களுக்குச் சென்றவை பெரும்பாலும் ஒற்றையடிப் பாதைகளே. நோயாளரும் கர்ப்பிணிகளும் கொழுந்து லொறிகளில் மருத்துவமனை செல்ல நேர்ந்தமை மலையகத்தில் புதிய செய்தியன்று.

இக்குறைபாட்டிற்கு வறுமை மட்டும் காரணமன்று. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. தொடர்ந்து வாக்குரிமையும் பறிபோயிற்று. தெரு கேட்கும் குரல் அதனால் அடங்கிற்று. குடியுரிமை படிப்படியாக மீளப்பெறப்பட்ட காலத்தில், 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் மற்றுமொரு தடையாயிற்று. அதன் 33ஆம் பிரிவு தோட்டங்களை விலக்குவதாகவே பொருள்கொள்ளப்பட்டது. தொழிலாளர் பிரதேச சபைக்கு வாக்களித்தனர். அச்சபையோ அவர்தம் பாதையில் ஒரு கல் பதிக்கவும் அதிகாரமற்றிருந்தது. 1972, 1975ஆம் ஆண்டுகளில் தோட்டங்கள் அரசுடைமையானதும், 1992இல் அவற்றின் நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் சென்றதும் இந்நிலையை மாற்றவில்லை. 2018ஆம் ஆண்டின் திருத்தச் சட்டமே இத்தடையை நீக்கிற்று.

எனினும், சட்டத்தடை நீங்கியதனால் மட்டும் பாதை அமைந்துவிடாது. தோட்ட நிலம் கம்பனிகளின் குத்தகையில் உள்ளவரை, லயத்து வாசலிலிருந்து பெருந்தெருவரையுள்ள பாதை யாருடைய பொறுப்பு என்னும் வினா எஞ்சியே நிற்கும். அப்பாதையைப் பொதுப்பாதையாக்கக் கோருவது சலுகைக்கான வேண்டுகோளன்று. பெருந்தெருவிற்குச் சுமை தந்த உழைப்பாளரின் உரிமைக் கோரிக்கையாகும்.