தூரிகையில் பிறந்த சினிமா போஸ்டர்கள்: சுவரோடு மறைந்த கலை

திருப்பதி: சித்தூர், திருப்பதி நகரச் சுவர்களில் இன்று ஒட்டப்படும் சினிமா போஸ்டர்கள் கணினியில் உருவாகின்றன. ஒரு தலைமுறைக்கு முன்பு அவற்றை வரைந்தவை ஓவியர்களின் தூரிகைகள்.

ஹைதராபாத்துக்கு இடம்பெயரும் வரை தெலுங்குத் திரையுலகின் மையமாகச் சென்னையே விளங்கியது. எனவே தெலுங்குப் பட போஸ்டர்களும் அங்கேயே வரையப்பட்டன. ஓவியரும் இயக்குநருமான பாபுவின் 'சாட்சி' (1967) படத்தில் அறிமுகமான ஈஸ்வர், இத்துறையின் முன்னணிக் கலைஞரானார். 'சினிமா போஸ்டர்' என்ற நூலையும் எழுதிய அவர் 2021-ல் காலமானார்.

உருவாவது எப்படி?

படப்பிடிப்பில் எடுத்த புகைப்படங்களைப் பார்த்து ஓவியர் முகங்களை வரைவார். கதையின் உணர்வுக்கேற்ப வண்ணங்களைத் தீட்டி, படத்தின் பெயரையும் கையாலேயே எழுதுவார். பின்னர் அந்த ஓவியம் வண்ணவாரியாகப் பிரிக்கப்பட்டு அச்சாகும். பெரிய போஸ்டர்கள் பல தாள்களாக அச்சிடப்பட்டு, சுவரில் இணைத்து ஒட்டப்படும்.

கணினி வடிவமைப்பும் ஃப்ளெக்ஸ் பேனர்களும் வந்தபின் இத்தொழில் நலிந்தது. அடுத்த படம் வந்ததும் பழைய போஸ்டர் மேல் புதியது ஒட்டப்பட்டதால், எஞ்சியவை சொற்பமே.

திருப்பதி மாவட்டம் ஸ்ரீகாளஹஸ்தியின் கலம்காரி ஓவியமும் ஒரு காலத்தில் நலிந்திருந்தது. பயிற்சி மையம், புவிசார் குறியீடு, கலைஞர் குரப்ப செட்டிக்கு 2008-ல் பத்மஸ்ரீ என அக்கலைக்கு ஆதரவு கிடைத்தது. போஸ்டர் ஓவியத்துக்கு அத்தகைய அரவணைப்பு வாய்க்கவில்லை. மிஞ்சிய மூல ஓவியங்களையேனும் ஆவணப்படுத்துவதே இனி செய்யக்கூடியது.